கடிகாரம் யாருக்காக?

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் நாற்று நடும் தாய்க்கு நீரிழிவு; காலில் புண், ஆறவில்லை. எங்கே போவார்? அப்பகுதியினர் பலர் பேருந்தேறிப் புதுவை ஜிப்மருக்குப் போகின்றனர். விழுப்புரத்தார் முண்டியம்பாக்கம் செல்கின்றனர். 2010-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது கலைஞர் ஆட்சியில். பெருமைதான்! ஆனால் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் அவ்வளவு தூரம் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. மருந்து இலவசம், நாள் இலவசமா?

இதை உணர்ந்தே 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் கழக ஆட்சி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கே வந்தது. எனினும் புண்ணைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டுமே! மாத்திரைப் பையா சொல்லும்?

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. தலைக்கணக்கு சரி, நேரக்கணக்கு? நடவுக்காரி கரையேறும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்நேரத்தில் மருத்துவர் இருக்க வேண்டும் என்கிறோம். காலையில் பார்த்தவரையே மாலையிலும் நிறுத்துவது கொடுமை. அதை நாம் கேட்கவில்லை. மாலைக்கெனத் தனிப் பணியிடம் வேண்டும். மயிலம், மரக்காணம், விக்கிரவாண்டி வட்டாரங்களில் முதலில் தொடங்கட்டும். கோட்டையில் எவர் அமர்ந்திருந்தாலும் இதைக் கேட்போம்.