புது இசைக்கு நடுவர் யார்?

புதிதாய்ப் பிறக்கும் இசையை மதிப்பிடத் தக்கவர் யாவர்? இங்கிலாந்தின் டாஃப்னி ஓரம் அம்மையாரின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்கும்.

பி.பி.சி.யிற் பணிபுரிந்த அவர், வாத்தியக் குழுவோடு இசைத்தட்டுகளையும் ஒலிவாங்கிகளையும் இணைத்து 1949இல் ஓர் ஆக்கம் படைத்தார். அந்நிறுவனம் அதனை ஏற்கவில்லை. 1959இல் பதவி துறந்த அவர், கென்ற் மாவட்டத்திலே தம் இல்லத்திற் புதிய கருவியொன்றை அமைக்கலானார். 35 மில்லிமீற்றர்த் திரைப்படச் சுருளில் அவர் வரைந்த கோடுகள் ஒளியை மறைத்தும் விடுத்தும் மின்னோட்டத்தை மாற்ற, அம்மாற்றமே இசையாயிற்று.

அன்று விலக்கப்பட்ட ஆக்கம் 2018இல் இலண்டன் புரொம்ஸ் இசைவிழாவில் ஒலித்தது. அவரோ 2003இலேயே மறைந்துவிட்டார்.

செவிக்கு எட்டாத இசைக்கு நடுவராக எவராலும் இயலாது. அறிஞர் குறை காண்பது முறையே. ஆயினும் அதற்கு முன்னர், கேட்போர் செவிக்கு வழி திறத்தல் வேண்டும்.