தானியங்கு ஸ்கிரிப்டில் அலகுச் சோதனை

மென்பொருள் பொறியியலில் அலகுச் சோதனை என்பது ஒரு நிரலின் மிகச் சிறிய பகுதியை, பெரும்பாலும் ஒரே ஒரு செயற்கூற்றை, தனியே பிரித்துச் சோதிப்பதாகும். தானியங்கு ஸ்கிரிப்ட் என்பது அழைத்த உடனே மேலிருந்து கீழாக இயங்கி முடியும் நிரற்கோப்பு ஆகும். அதிலுள்ள ஒரு செயற்கூற்றைச் சோதிக்கக் கோப்பை முதலில் ஏற்றவேண்டும். ஏற்றினாலோ கோப்பு முழுவதும் இயங்கிவிடும். பழைய கோப்புகளை அழிப்பதற்கென எழுதப்பட்ட ஸ்கிரிப்டாயின் சோதனையே சேதத்தை விளைவிக்கும்.

எடுத்துக்காட்டு

ஓர் உரைக்கோப்பிலுள்ள தமிழ் எழுத்துகளை எண்ணி அச்சிடும் பைத்தான் ஸ்கிரிப்டைக் கொள்க. திருவாரூர் மாவட்டத்து ஊரான "நன்னிலம்" என்பதில் ந, ன், னி, ல, ம் என 5 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் புள்ளியும் இகரக் குறியும் தனிக் குறியீடுகள் ஆகையால் இச்சொல் 8 குறியீடுகளாகவும், யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது. பைத்தான் 3இல் சரத்தின் நீளம் காணும் செயற்கூறு 8 என்றே விடை தரும். பிழைச்செய்தி ஏதும் தோன்றாததால் தவறான எண்ணிக்கை அப்படியே அறிக்கையில் ஏறிவிடும். எண்ணும் செயற்கூற்றை மட்டும் அழைத்து, விடை 5 தானா எனப் பார்க்கும் சிறு சோதனை இதனைப் பிடித்துவிடும்.

எளிய சொல்லோடு நிறுத்துதல் போதாது. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் கழித்து எண்ணும் செயற்கூறு "நன்னிலம்" என்பதற்குச் சரியான விடை தரும். ஆனால் "ஸ்ரீ", "க்ஷ" ஆகியவற்றை இரண்டிரண்டு எழுத்துகளாக எண்ணும். "க்ஷ" ஓரெழுத்தா ஈரெழுத்தா என்பதை நிரலர் முதலில் முடிவு செய்தாலன்றிச் சோதனையை எழுத இயலாது. சோதனையின் பயன்களுள் இதுவும் ஒன்று.

செய்முறை

பைத்தான் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர் மாறியைத் தருகிறது. கோப்பு நேரடியாக இயங்கும்போது அம்மாறியின் மதிப்பு, இருபுறமும் இரட்டை அடிக்கோடு கொண்ட "மெயின்" என்னும் சொல்லாகும். வேறொரு நிரல் இறக்குமதி செய்யும்போது கோப்பின் பெயராகும். எனவே இயங்கவேண்டிய வேலைகளை எல்லாம் ஒரு முதன்மைச் செயற்கூற்றில் அடக்கி, மாறி "மெயின்" ஆக இருந்தால் மட்டும் அதனை அழைக்கவேண்டும். சோதனை நிரல் இறக்குமதி செய்யும்போது செயற்கூறுகள் வரையறுக்கப்படுமே தவிர எதுவும் இயங்காது. கோப்புப் பெயரில் இடைக்கோடு இருப்பின் வழக்கமான இறக்குமதிக் கட்டளை அதனை ஏற்காது. அடிக்கோடு இடுவது நலம்.

பாஷ் ஸ்கிரிப்டில், இயங்கும் நிரலின் பெயரைக் கோப்பின் பெயரோடு ஒப்பிட்டு இதே பயனைப் பெறலாம். ஆனால் செயற்கூற்றினுள் "எக்ஸிட்" கட்டளை இருந்தால் சோதிக்கும் ஷெல்லும் உடன் முடிந்துவிடும். அத்தகையவற்றைத் துணை ஷெல்லில் இயக்கிச் சோதிக்கவேண்டும்.

கருவிகள்

கென்ட் பெக், எரிக் காமா ஆகியோர் ஜாவா மொழிக்கு 1997இல் உருவாக்கிய ஜேயூனிட்டைப் பின்பற்றி ஸ்டீவ் பர்செல் பையூனிட்டை எழுதினார். இது 2001இல் பைத்தான் 2.1 உடன் சேர்க்கப்பட்டது. எழில் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை உள்ளிட்டோரின் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் தமிழ் எழுத்துகளைப் பிரிக்கும் செயற்கூறுகளும் அவற்றுக்கான சோதனைகளும் உள்ளன.