பயிற்றுநரின் பெருமையை எதனால் அளப்பது?

சில மாதங்களுக்கு முன் எங்கள் பாடசாலையிலே ஒரு பிரிவுபசார விழா நடைபெற்றது. கால் நூற்றாண்டுக்கு மேலாக மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றி வந்த ஒருவர் அன்று ஓய்வு பெற்றார். அவருக்கு வாசித்தளிக்க வேண்டிய வாழ்த்துமடலை எழுதும் பொறுப்பு, அதிபர் என்ற முறையில் என்னைச் சேர்ந்தது. எழுதுகோலை எடுத்தேன், முதல் வாக்கியத்திலேயே தயங்கி நின்றேன். பாடசாலை மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியிலே அவர் காலத்து வெற்றிக் கிண்ணங்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன. "இத்தனை ஆண்டுகளுக்கு இரண்டு கிண்ணந்தானா?" என்று ஒரு பெற்றோர் என் காதுபடவே கேட்டுமிருந்தார். அக்கேள்வியை அற்பமானதென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பயிற்றுநருடைய நெடுங்காலப் பணியை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? இன்றைய பேச்சிலே இதனையே உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

கண்டியிலே வாழும் நமக்கு இதற்கொரு சிறந்த உதாரணம் அண்மையிலேயே இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையிலே, மகாவலி கங்கையின் அருகே அமைந்திருப்பது புனித அந்தோனியார் கல்லூரி. அங்கே கிரிக்கெட் பயிற்றுவித்தவர் சுனில் பெர்னாண்டோ. அவரிடம் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்டத்திலே தொழில் செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். கண்டிக்கு அண்மையில் பிஸ்கட் தொழில் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. பள்ளியிலே அவர் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். பதினான்கு வயதளவிலே அவரைச் சுழற்பந்துக்கு மாறும்படி ஆலோசனை கூறியவர் சுனில் பெர்னாண்டோ.

அந்த ஒரு சொல்லின் விளைவை உலகம் அறியும். 1990-91ஆம் ஆண்டுப் பருவத்தில் முரளிதரன் நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பிலே முதல் டெஸ்ட் ஆட்டத்தில் விளையாடினார். 2007 டிசம்பரில் நம் அஸ்கிரிய மைதானத்திலேயே, இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், தம் 709ஆவது விக்கெட்டைக் கைப்பற்றி ஷேன் வோர்னின் உலக சாதனையைக் கடந்தார். 2010 ஜூலையில் காலியிலே தமது 133ஆவது டெஸ்டில் 800ஆவது விக்கெட்டுடன் விடைபெற்றார்.

இவ்வளவையும் கேட்டவுடன், "அப்படியானால் சுனில் பெர்னாண்டோவின் பெருமை 800 விக்கெட்" என்று கணக்கை முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். பந்தை வீசியது முரளிதரனின் கை. பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாதிருந்த முழங்கை அவருடையது. வியக்கத்தக்க மணிக்கட்டும் அவருடையது. 1995ஆம் ஆண்டு மெல்பேர்ணிலே நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துகள் முறையற்றவை என்று மீண்டும் மீண்டும் அறிவித்தபோது அந்த அவமானத்தைத் தாங்கியதும், பின்னர் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலே சோதனைக்கு உட்பட்டுத் தம்மை நிரூபித்ததும் அவரே. ஒரு மாணவனின் வாழ்நாள் உழைப்பை முழுவதும் ஆசானின் பெயரிலே வரவு வைப்பது மாணவனுக்கு இழைக்கும் அநீதி. அது ஆசானுக்கும் அநீதியே. ஏனெனில், முரளிதரன் ஒருவர் வந்து சேராதிருந்தால் அவருடைய உழைப்பெல்லாம் வீணென்று அக்கணக்கு சொல்லிவிடும்.

கடல் கடந்த ஓர் உதாரணம் இதனை மேலும் தெளிவாக்கும். ஐக்கிய அமெரிக்காவிலே தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்னும் அணிக்கு 1996 முதல் 2025 வரை தலைமைப் பயிற்றுநராக விளங்கியவர் கிரெக் பொப்பொவிச். பருவப் போட்டிகளிலே 1,422 வெற்றிகள். அத்துறையில் வேறெந்தப் பயிற்றுநரும் அவ்வளவு வென்றதில்லை. 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அவரது அணி வெற்றி வாகை சூடியது. 2024 நவம்பரில் பக்கவாத நோய்க்கு ஆளாகிய அவர், அடுத்த ஆண்டு மே மாதத்திலே பயிற்றுநர் பதவியைத் துறந்தார். அன்று முதல் அவருடைய பெருமை எத்தகையது என்ற விவாதம் வலுத்தது.

அவருடைய தொடக்கம் எப்படி இருந்தது? அணியின் பொது முகாமையாளராக இருந்தவர், பருவத்தின் இடையிலே பயிற்றுநரை நீக்கிவிட்டுத் தாமே அப்பதவியை ஏற்றார். அப்பருவத்தில் அவர் நடத்திய 64 ஆட்டங்களில் வென்றவை 17 மட்டுமே. தலைசிறந்த வீரரான டேவிட் ரொபின்சன் காயமுற்று ஏறத்தாழப் பருவம் முழுவதும் ஆடவில்லை. ஆனால், அந்நாட்டு முறைப்படி, மிகுதியாகத் தோற்ற அணிகளுக்கே புதிய வீரரை முதலில் தெரிவு செய்யும் வாய்ப்புக் குலுக்கலிலே கூடுதலாக உண்டு. 1997இல் அந்தக் குலுக்கல் ஸ்பர்ஸ் அணிக்கே வாய்த்தது. டிம் டங்கன் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். மேற்சொன்ன ஐந்து வெற்றிகளிலும் டங்கன் விளையாடியிருக்கிறார். 2016இல் அவர் ஓய்வு பெற்றபின் அணி ஒரு முறையும் வாகை சூடவில்லை. பொப்பொவிச் முழுமையாக நடத்திய கடைசி இரு பருவங்களிலும் 82 ஆட்டங்களுக்கு 22 வெற்றிகளே கிடைத்தன.

எனவே, "எல்லாம் டங்கனால் வந்த வாழ்வு" என்பார் ஒரு சாரார். அதிலே உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அதிர்ஷ்டம் வாசலுக்கு வருவது ஒன்று. வந்ததைப் பத்தொன்பது பருவங்கள் பேணுவது மற்றொன்று. ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த மனு ஜினோபிலி, தெரிவு வரிசையிலே 57ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். பிரான்சிலிருந்து வந்த டோனி பார்க்கர் 28ஆவது இடத்தவர். பிறர் கவனியாது விட்ட இவர்களோடு டங்கனையும் இணைத்து ஒரே குடும்பம் போல ஆட வைத்தது குலுக்கலின் வேலையன்று.

இனி, குறைகளையும் கணக்கிலே எழுத வேண்டும். 2013ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்திலே, வெற்றிக்கு அரை நிமிடமே எஞ்சியிருந்த வேளையில், பொப்பொவிச் டங்கனை வெளியே அமர்த்தினார். அந்த இடைவெளியிலே மியாமி அணி தவறிய பந்தை மீட்டு எறிந்து சமன் செய்தது. பின்னர் அந்த ஆட்டத்தையும் தொடரையும் வென்றது. அந்த முடிவு இன்றும் பேசப்படுகிறது. அடுத்த ஆண்டு அதே மியாமியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஸ்பர்ஸ் வென்றது. பிந்திய வெற்றி முந்திய பிழையை அழிப்பதில்லை. பிழையினால் உடைந்துபோகாத ஓர் அணி அங்கே இருந்தது என்பதையே காட்டுகிறது. நம் மகாபாரதமும் துரோணருக்கு இவ்வாறே இரட்டைக் கணக்கு எழுதுகிறது. அருச்சுனனை உருவாக்கிய அதே ஆசிரியர்தாம் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டவர். அருச்சுனனை மட்டும் எண்ணித் துரோணரைப் போற்றினால், காட்டிலே நின்ற அந்தப் பிள்ளையை நாம் மறந்தவர்களாவோம்.

வெற்றிகளின் எண்ணிக்கையிலே அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. தலைமாணாக்கனின் புகழ் அவனுக்கே உரியது. அப்படியானால் பயிற்றுநருக்கென்று எஞ்சுவது யாது? என் சிற்றறிவுக்கு இரண்டு தோன்றுகின்றன.

முதலாவது, பலன் தெரியாத வேளையிலே அவர் செய்த தீர்ப்பு. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 800 விக்கெட் வரும் என்று கட்டுகஸ்தோட்டை மைதானத்திலே எவரும் கண்டதில்லை. அவன் மிதவேகமாகவே வீசிக்கொண்டிருந்தால் எந்தப் பெற்றோரும் முறையிட்டிருக்கமாட்டார்கள். "உனக்கு உரியது வேறு வழி" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு அப்பிள்ளையை உற்று நோக்கியிருக்க வேண்டும். சொன்னது பிழையானால் பழியை ஏற்கும் துணிவும் வேண்டும். முரளிதரன் உலக வீரராகாது, கல்லூரி அணியோடு நின்றிருந்தாலும், அந்தத் தீர்ப்பு அதே அளவு நல்ல தீர்ப்பாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது, ஆசான் அருகில் இல்லாதபோது மாணவரிடம் நிலைத்து நிற்பது. பொப்பொவிச்சின் கீழ் ஆடிய ஸ்டீவ் கெர், பின்னர் கோல்டன் ஸ்டேட் அணியின் பயிற்றுநராகி 2015, 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெற்றி கண்டார். அவருடைய உதவியாளராயிருந்த மைக் புடன்ஹோல்சர் 2021இல் மில்வாக்கி அணியை வெற்றிக்கு இட்டுச் சென்றார். 2014இல் பெக்கி ஹம்மன் என்னும் பெண்மணியை முழுநேர உதவிப் பயிற்றுநராக நியமித்து, ஆடவர் அணிகளிலே அதுவரை அடைத்திருந்த ஒரு கதவையும் பொப்பொவிச் திறந்தார். இவை அவருடைய வெற்றிப் பட்டியலிலே இடம்பெறாதவை. எனினும் அவரது பணியின் பயன்களே.

இந்த இரண்டு அளவுகோல்களையும் எடுத்துக்கொண்டு எங்கள் பாடசாலைப் பயிற்றுநரிடம் திரும்பி வந்தேன். பழைய வரவுப் பதிவேடுகளைப் புரட்டினேன். பழைய மாணவர் சிலரை அழைத்துப் பேசினேன். உயரம் போதாதென்று அணியிலே சேர்க்கப்படாத ஒருவனை, "நீ கண்பார்வை உள்ளவன், ஆட்டத்தை நடத்து" என்று ஆட்ட மத்தியஸ்தம் கற்கச் செய்திருக்கிறார். அவர் இன்று பாடசாலைப் போட்டிகளிலே நடுவராக நிற்கிறார். தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆசிரியராயிருக்கும் மூவர், மாலை வேளைகளில் ஊதியம் கருதாது பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்பிக்கின்றனர். குறையும் இருந்தது. பரீட்சைக் காலத்திலும் பயிற்சியை விடமாட்டார். அதனால் ஒரு பையன் ஒரு வருடம் பின்தங்கினான். அது குறித்து நான் அவரோடு முரண்பட்டதுமுண்டு.

வாழ்த்துமடலிலே இரண்டு கிண்ணங்களையும் குறிப்பிட்டேன், மறைக்கவில்லை. அந்த நடுவரையும் மூன்று ஆசிரியர்களையும் அவற்றுக்கு முன்னே எழுதினேன். பரீட்சைக் காலக் குறையை மடலிலே எழுதவில்லை. ஆனால் அவருக்குப்பின் வந்த இளைஞரைத் தனியே அழைத்து, அதனையும் சொல்லி, மைதானத்துச் சாவியைக் கொடுத்தேன்.

விழா முடிந்தபின், கிண்ணங்களை எண்ணிய அந்தப் பெற்றோர் என்னிடம் வந்தார். அவர் மகன் இவ்வாண்டுதான் அணியிலே சேர்ந்திருக்கிறான். "புதியவரிடம் நான் எதைக் கேட்க வேண்டும், ஐயா?" என்றார். "என் மகனிடம் நீங்கள் எதனைக் கண்டீர்கள் என்று ஒரு தவணை கழிந்தபின் கேளுங்கள்" என்றேன். உங்கள் பிள்ளைகளின் பயிற்றுநரிடமும் அதனை நீங்கள் கேட்கலாம்.