சுக்குக் காப்பியில் பால் சேர்க்கலாமா?

திருவனந்தபுரத்தின் நுழைவாயில் தம்பானூர். மத்திய இரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் அங்கே எதிரெதிரே அமைந்துள்ளன. நாகர்கோவில் வழியாக வரும் தமிழர் பலர் இந்நகரில் முதலில் கால் வைப்பது அங்கேதான். பேருந்து நிலையத்தின் அருகில், லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டடத்தில் இந்தியக் காப்பி இல்லம் இயங்குகிறது. அங்கே பால் கலந்த காப்பியைப் பலர் விரும்பிப் பருகுவர். ஆனால், மழைக்காலத்தில் வீடுகளில் கொதிக்கும் சுக்குக் காப்பிக்குப் பெரும்பாலும் பால் சேர்ப்பதில்லை.

தமிழகத்துச் சுக்குமல்லிக் காப்பியில் சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, கருப்பட்டி ஆகியவை சேரும். பெயரில் காப்பி இருந்தாலும் பல வீடுகளில் காப்பித்தூள் சேர்ப்பதில்லை. கேரளத்தில் துளசியும் சிறிது காப்பித்தூளும் சேர்ப்பது வழக்கம்.

சளி பிடித்த குழந்தைக்குக் காரம் குறையட்டும் என்று இதில் பால் ஊற்றுவோரும் உண்டு. சில வேளைகளில் அப்பால் திரிந்துவிடும். அதற்குக் காரணம் என்ன?

பாலில் கேசின் என்னும் புரதம் உள்ளது. புளிப்புத் தன்மை மிகும்போது அது திரண்டு பிரிகிறது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் சிறிதளவு புளிப்புத் தன்மை இருக்கக்கூடும். அவற்றுடன் பாலைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் வெப்பம் திரிதலை விரைவுபடுத்தும். பச்சை இஞ்சியிலோ புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. சீனாவின் குவாங்டாங் பகுதியில் இஞ்சிச் சாற்றின்மீது சூடான பாலை ஊற்றித் தயிர்போல் உறையவைத்து உண்கின்றனர். நன்கு கொதிக்கவைத்தால் அந்நொதி செயலிழந்துவிடும்.

எனவே, பால் விரும்புவோர் முதலில் சுக்கையும் மல்லியையும் நீரில் நன்கு கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். பாலைத் தனியே காய்ச்சிக் கலக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே கருப்பட்டிப் பாகைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சை புளிப்பு மிக்கது. அதனால் ஆன பானங்களில் பால் சேர்க்கக் கூடாது.

சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம் தரும். ஆயினும் அது மருத்துவத்திற்கு மாற்று ஆகாது. காய்ச்சல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும்.

சுக்கு, கருப்பட்டி ஆகிய சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குகின்றன. ஊர் மாறினும் சொல் மாறவில்லை. ஆனால், ஒவ்வொரு வீட்டின் அளவும் பக்குவமும் பாட்டியின் கைப்பழக்கத்தில் மட்டுமே வாழ்கின்றன. எழுதி வைக்காவிட்டால் அவை மறைந்துபோகும்.

சொற்பொருள்
சுக்கு – உலர்ந்த இஞ்சி
திரிதல் – பால் கெட்டுத் திரளுதல்
பக்குவம் – சமைக்கும் முறை

பயிற்சி
1. கருப்பட்டியுடன் பாலைக் கொதிக்கவைத்தால் அது திரிவது ஏன்?
2. தமிழகம், கேரளம் ஆகியவற்றின் சுக்குக் காப்பிகளை ஒப்பிடுக.
3. உம் பாட்டியிடம் கேட்டு, உங்கள் வீட்டுச் சுக்குக் காப்பியின் செய்முறையைத் தமிழில் எழுதுக.