தத்துப் போன செங்கோட்டை

நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கத் தனியாரை அழைக்கிறது அரசு. சிக்கல் வந்தால் பதில் சொல்ல வேண்டியது யார்?

2018 ஏப்ரலில் டெல்லியில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் நாடு முழுக்கச் சர்ச்சையைக் கிளப்பியது. சுதந்திர தினந்தோறும் பிரதமர் கொடியேற்றும் செங்கோட்டையை ஐந்தாண்டுகளுக்குத் 'தத்து' எடுத்திருந்தது டால்மியா பாரத் நிறுவனம். மதிப்பு 25 கோடி ரூபாய் என்றன நாளிதழ்கள். ஷாஜகான் கட்டிய கோட்டை சிமென்ட் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போய்விட்டதாக எதிர்க்கட்சிகள் கொதித்தன.

உண்மையில் அது குத்தகை அல்ல. 2017 செப்டம்பரில் தொடங்கிய தத்தெடுப்புத் திட்டப்படி நிறுவனத்தின் வேலை கழிப்பறை, குடிநீர், அறிவிப்புப் பலகை, விளக்கு போன்ற வசதிகளைச் செய்து தருவதுதான். கட்டடம் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கும். அரசு அனுமதியின்றிக் கட்டணம் வசூலிக்க முடியாது. வசூலாகும் பணமும் அந்தச் சின்னத்துக்கே செலவாக வேண்டும்.

பின் எதற்கு இத்தனை சந்தேகம்? சட்டத்தைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ம் ஆண்டுச் சட்டம் நன்கொடையை அனுமதிக்கிறது. எதற்காகத் தரப்பட்டதோ அதற்கு மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்கிறது. 2010-ல் வந்த திருத்தம், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது. சேதப்படுத்துவோருக்கு இரண்டாண்டுவரை சிறை என்றது. ஆனால் இந்தச் சட்டத்தின் பார்வையில் தனியார் பணம் கொடுப்பவர், அல்லது குற்றம் செய்பவர். கூட நின்று நிர்வகிக்கும் பங்காளிக்கு அதில் தெளிவான இடமில்லை. அவருடைய உரிமையும் பொறுப்பும் ஒப்பந்தத் தாளில்தான் இருக்கின்றன.

தாள் சரியாக இருந்தால் பலனும் சரியாக இருக்கும் என்பதற்கு அதே டெல்லியில் சாட்சி உண்டு. 2007-ல் தொல்லியல் துறை, மத்திய பொதுப்பணித் துறை, மாநகராட்சி ஆகியவற்றுடன் ஆகா கான் அறக்கட்டளை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஹுமாயூன் சமாதியின் கூரையில் காலப்போக்கில் ஏற்றப்பட்டிருந்த சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட் அகற்றப்பட்டது. கல்தச்சர்களும் சுண்ணாம்புக் கொத்தனார்களும் பழைய முறையிலேயே வேலை பார்த்தார்கள். 2013-ல் பணி முடிந்தது. அங்கே வந்தது பணம் மட்டுமல்ல, பழமையைப் பேணும் அனுபவமும்தான்.

எல்லா நிறுவனங்களுக்கும் அந்த அனுபவம் கிடையாது. ஆனால் பணம் உண்டு. 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். பாரம்பரியப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தத்தெடுப்புத் திட்டம் புது வடிவில் வந்தபோது அரசு கண்வைத்தது இந்தப் பணத்தின் மீதுதான்.

கழிப்பறை கட்டுவதில் யாருக்கும் தகராறில்லை. ஆனால் 2023 ஜனவரியில் செங்கோட்டையில் தொடங்கிய ஒலி-ஒளிக் காட்சி, டால்மியா குழுமத்தின் அறக்கட்டளை தயாரித்தது. பல நூற்றாண்டு வரலாற்றைச் சொல்லும் காட்சி அது. எந்த வரலாற்றைச் சொல்வது, அதற்கு ஒப்புதல் தருவது யார், தவறு நேர்ந்தால் ஈடு செய்வது யார் என்பவையெல்லாம் கையெழுத்திடுவோரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடியவை அல்ல. அவை சட்டத்தில் இடம்பெற வேண்டும், ஒப்பந்தங்களும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். பிள்ளையைத் தத்துக் கொடுப்பதற்கே நாட்டில் சட்டம் இருக்கிறது. கோட்டைக்கு வேண்டாமா?