சினைச் செம்மறியின் தீனியும் குட்டியின் வளர்ச்சியும்

வடபகுதியிலே பெரும்போக நெல் அறுவடையானபின், மாசி பங்குனியில், அரிதாள் வயல்களிற் செம்மறியாடுகளை மேயவிடுவது வழக்கம். அவற்றின் எரு வயலுக்கும் தோட்டத்துக்கும் உதவுகின்றது. இம்மேய்ச்சலால் உடல் தேறிய மறிகள் அப்பொழுதே கிடாயுடன் சேருமாயின், ஏறக்குறைய 150 நாட்களின் பின், ஆடி ஆவணியிற் குட்டி ஈனும். இடர் உண்டாவது இங்கேதான். கருவிலுள்ள குட்டி மிக விரைவாக நிறை கூடுவது ஈற்றுக்கு முந்திய ஆறு வாரங்களிலாகும்; பிறப்பு நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்பொழுதே சேர்கின்றது. அதுவோ புல் கருகி நிலம் வெடிக்குங் காலம்.

தீனி குறைந்தால் மறி தன் உடற்கொழுப்பைக் கரைத்துக் குட்டியைக் காக்க முயலும். ஆயினும் குட்டி நிறை குன்றிப் பிறக்கும். எழுந்து முலையைத் தேடும் வலிமையும் அதற்கு இராது. தாயின் மடியும் ஊறாது. இரட்டைக் குட்டி சுமக்கும் மறி இக்காலத்திற் பட்டினி கிடப்பின், தீனி வெறுத்து, தள்ளாடி விழுந்து இறத்தலுங் கூடும். தசைநார்களின் தொகை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்னரே அமைந்துவிடுவதால், கருவில் நேர்ந்த குறையைப் பின்னர் இடும் தீனி முற்றாக ஈடுசெய்யாது.

சினையின் நடுக்காலமும் கவனிக்கத்தக்கது. குட்டிக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடி பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வளர்ந்து முடிகின்றது.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், புரதம் தராது. மேலும், பெருக்கும் கருப்பை இரைப்பையை நெருக்குவதால் மறி இறுதி வாரங்களில் மிகுதியாகத் தின்ன மாட்டாது. ஆகவே அளவிற் சிறிதாயினும் சத்து மிக்க தீனி வேண்டும். வேலிப் பூவரசு, முருக்கு, கிளுவை இலைகள் கோடையிலும் கிடைப்பன. சீமைக்கிளுவை இலையைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் ஆடுகள் விரும்பும். இப்பிலிப்பில் இலை பசுந்தீனியில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படலாகாது. மிகுந்தால் மயிர் உதிரும். இவற்றுடன் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கலந்து, ஒரு கைப்பிடியில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்கு 200 கிராம் வரை கொடுக்கலாம். நல்ல நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

குட்டி பெருத்தால் ஈற்றில் வருந்தும் என அஞ்சித் தீனியைக் குறைப்பாருமுளர். மிகக் கொழுத்த மறிக்கு அவ்வச்சம் பொருந்தும். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் மறிக்கு அன்று.

நோயெதிர்ப்புச் சத்து செம்மறியிற் கருவழியாகக் குட்டியைச் சேர்வதில்லை. கடும்புப்பால் வழியே சேரும். குட்டியின் குடல் அதனை ஏற்பது பிறந்த முதல் நாளில் மாத்திரமே. எனவே பிறந்த இரண்டொரு மணி நேரத்துள் குட்டியை முலையிற் பிடித்து ஊட்டுதல் வேண்டும்.