பந்தலும் பாடசாலையே

கலாசாலையில் பயிலும் வாலிபனை நோக்கி, "என்ன கற்றாய்?" என்று வினவினால், அவன் புஸ்தகத்தின் பக்கத்தைக் காட்டுவான், பரீட்சையில் பெற்ற மார்க்கைச் சொல்வான். திருவிழாப் பந்தலில் கேட்டதையும் நாடகக் கொட்டகையில் கண்டதையும் கல்விக் கணக்கில் அவன் சேர்ப்பதில்லை. பெற்றோரோ அதனை வீண் பொழுது என்று கடிந்துகொள்கின்றனர். இது பெரும் பிழை என்பது நமது அபிப்பிராயம். இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. விருதுநகரும் சிவகாசியுமே சாட்சி சொல்லும்.

விருதுநகரில் 1903-ல் பிறந்த காமராஜர், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மாமனின் ஜவுளிக் கடையில் அமர நேர்ந்தது. அதற்கு மேல் அவர் கற்ற இடம் எது? பொதுக்கூட்டங்களே! கடையை விட்டு நழுவிச் சென்று, தலைவர்களின் பிரசங்கங்களைக் காதாரக் கேட்டார். அவ்விதம் தேறியவரே 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்து, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவுகளைத் திறந்துவிட்டார்.

சிவகாசியில் 1886-ல் பிறந்த நடிகர் விசுவநாததாஸ், புராண நாடகங்களின் நடுவே வெள்ளையரைக் கொக்கென்று எள்ளிப் பாடினார். பன்முறை சிறை புகுந்தார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். எழுத்தறியாத எத்தனையோ ஜனங்களுக்கு அவரது கொட்டகையே தேசபாடம் நடத்திய பள்ளிக்கூடம்.

"அவர்கள் காலத்தில் கலாசாலை கிட்டவில்லை, எங்களுக்குத்தான் கிட்டியிருக்கிறதே!" என்று மாணவர் கூறலாம். விருதுநகரில் 1947-லும் சிவகாசியில் 1963-லும் கல்லூரிகள் தோன்றியது நமது பாக்கியமே. ஆயினும் கல்லூரி கிட்டியவனுக்கன்றோ பந்தல் இருமடங்கு பயன் தரும்? திவ்வியப் பிரபந்தத்தை அச்சில் மட்டும் கண்ட மாணவன், மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று அரையர் சேவையைக் காணட்டும். குல்லாய் தரித்துத் தாளமேந்திய அரையர் பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயிக்கிறார், உரையும் சொல்லுகிறார். இலக்கியமும் இசையும் கூத்தும் உரைமரபும் ஒருங்கே நிற்கும் அக்காட்சியை எந்தப் பாடநூல் அளிக்க வல்லது?

விருதுநகர் பராசக்தி மாரியம்மனின் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி ஏந்தி வரும் ஜனத்திரளையும், திருவிழாக்களில் வானத்தில் மலரும் வாணத்தையும் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம் என்று ரஸாயன வகுப்பு கற்பித்தது. அப்பேரிய உப்புக்களைப் பட்டாசில் சேர்க்கலாகாதென 2018-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அம்மருந்தைக் கையால் அடைத்தவள் தன் தாயாகவோ அயல்வீட்டாளாகவோ இருப்பதை மாணவன் அறிவான். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கு மேற்பட்ட உயிர்கள் மாய்ந்ததையும் அவன் அறிவான். ஒரு வாணத்தில் ரஸாயனமும் சட்டமும் தொழிலாளர் துயரமும் அடங்கியிருப்பதை உணர்ந்தவனே கற்றவன்.

ஆனால் இதற்கொரு தடையுண்டு. கிராமத்திலிருந்து வரும் மாணவர், முக்கியமாகப் பெண்கள், மாலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகின்றனர். பலர் வேலைக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி தொடங்கும் வேளையில் அவர்கள் ஊரெல்லை கடந்துவிடுகிறார்கள். வசதியுள்ளவர்க்கு மட்டும் பந்தல் திறந்திருப்பது நியாயமாகுமா? நிகழ்ச்சிகளைப் பகலில் வைப்பதும், இரவில் பத்திரமாக வீடு சேர்க்க வாகனம் அமர்த்துவதும் கல்லூரி அதிகாரிகளின் கடமை. மாணவரும் போகுமுன் சிறிது படித்து, அங்கே பொறுமையுடன் கேட்டு, திரும்பியதும் கண்டதை ஒரு பக்கம் எழுதி வைப்பாராக.

ஜவுளிக் கடைச் சிறுவனுக்கு எவரும் வாகனம் அமர்த்தவில்லை, நழுவித்தான் போனான். இன்றைய மாணவர் நழுவாமல் நேர்வழியே போகலாகும்படி செய்வது நம் பொறுப்பு.